ரைவல்னா பங்காளி

உளுந்து பிடுங்குற வேலையில் பத்து நாளா இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு ஒரு சொல்லைப் பத்தி எழுதப் போறேன். இவனுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு நினைக்காதீங்க, கடைசியில் அது தண்ணீர்லதான் போய் நிக்கும்.

சொல் 'ரைவல்'. இங்கிலீஷ் சொல்தான், ஆனா கிரிக்கெட் வர்ணனை கேட்கிற எல்லாருக்கும் தெரியும். சென்னைக்கு ரைவல் மும்பை. எங்க ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடைக்கு எதிர்த்த டீக்கடை ரைவல். தமிழில் போட்டியாளர் என்று எழுதுகிறோம், எதிராளி என்று சொல்கிறோம். இரண்டிலும் எதிரே நிற்கிறவன் என்கிற அர்த்தம்தான் வருகிறது.

என் அக்கா மகன் மதுரையில் வக்கீல். பொங்கலுக்கு வந்தவன் வாய்க்காலைத் தாண்டும்போது, "மாமா, ரைவல்ங்கிற சொல்லு பொறந்ததே வாய்க்கால்லதான், தெரியுமா?" என்றான். அன்னைக்குப் பிடிச்சவனை நான் விடவே இல்லை. பழைய ரோமானியச் சட்டத்தில் தண்ணீர் பற்றி என்னென்ன இருக்கோ அதையெல்லாம் படிச்சுச் சொல்லச் சொல்லி, போன்ல உசுரை வாங்கிட்டேன்.

ரோமாபுரிக்காரர்கள் பேசிய லத்தீன் மொழியில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. மனுஷன் வெட்டிய வாய்க்காலுக்கும் அதே சொல்தான். அதிலிருந்து வந்தது 'ரீவாலிஸ்'. அதாவது வாய்க்கால்காரன், இன்னும் சரியாச் சொன்னா ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற இன்னொருத்தன். உங்க வயலுக்கு மேலேயோ கீழேயோ வயல் வைத்திருக்கிறவன் உங்களுக்கு ரீவாலிஸ், அவனுக்கு நீங்க ரீவாலிஸ். அந்தச் சொல்தான் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு இங்கிலீஷுக்குள்ள ரைவலாகப் போயிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஆற்றைக் குறிக்கிற 'ரிவர்' இதுக்குச் சொந்தக்காரன்னுதான் நான் நினைச்சேன். இல்லையாம். அது 'ரீபா' என்கிற வேறு சொல்லில் இருந்து வந்தது. ரீபா என்றால் கரை. ஆனா 'டிரைவ்' என்று ஒரு சொல் இருக்கே, வண்டி ஓட்டுகிற டிரைவ் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது என்று சொல்வதற்கான டிரைவ், அது இந்த ரீவுஸ் குடும்பம்தான். வாய்க்காலில் இருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவது என்பது அதன் பழைய அர்த்தம். நாம வாமடை வெட்டி வயலுக்குத் திருப்புறோமே, அதேதான்.

சரி, வாய்க்கால்காரன் எப்படிப் போட்டிக்காரன் ஆனான்? வயல் வச்சிருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில, கோயம்புத்தூர்ல உட்கார்ந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். மடை திறந்தா தண்ணீர் முதல்ல தலைமடைக்குப் போகும், கடைசியாகத்தான் கடைமடைக்கு வரும். கண்மாய் பெருகிக் கிடக்கிற ஐப்பசி, கார்த்திகையில் யாருக்கும் யாரும் ரைவல் இல்லை. மாசியில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், கண்மாயில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதுதான் பிரச்சினை. அன்னைக்கு மேல்வயல்காரன் ஒரு மணி நேரம் கூடுதலா வாமடையைத் திறந்து வச்சா, கீழ்வயல்காரனுக்கு அது பதராப் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டும் மம்பட்டியுமாக வாய்க்கால் ஓரம் நடந்தவனுக்கு இந்தச் சொல் எங்கே பிறந்ததுன்னு அகராதி பார்க்காமலே தெரியும்.

ரோமாபுரியின் பழைய உரையாசிரியர் ஒருவர் வேறு காரணம் சொல்லியிருக்கிறாராம். தாகத்தில் ஒரே ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வரும் காட்டு விலங்குகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிறதே, அதிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று. எனக்கு அது ஒப்பவில்லை. விலங்கு குடிச்சிட்டுப் போயிரும். மறுநாள் அதே ஓடையில் மண் அள்ளணும், முறை போடணும், பக்கத்து விலங்கோட கல்யாணத்துக்கு மொய் எழுதணும்னு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. அந்த உரையாசிரியர் கையில் மம்பட்டி பிடித்திருக்க மாட்டார்.

வாய்க்கால் அர்த்தத்தை நேரடியாக எழுதி வைத்தவர் உல்பியான் என்கிற சட்ட அறிஞர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். அவர் எழுதியதில் ஒரு பகுதியை, பின்னாடி ஜஸ்டினியன் என்ற பேரரசர் 533-ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் இடத்தில், ரீவாலிஸ்களுக்குள், அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் கொண்டுபோகிறவர்களுக்குள், தகராறு வந்து இரண்டு பேருமே தண்ணீர் எனக்குத்தான் என்று சொன்னால், நீதிமன்ற உத்தரவு இரண்டு பேருக்கும் சேர்த்தே பொருந்தும் என்கிறார்.

மருமகன் இதை விளக்கினான். மற்ற வழக்குகளில் ஒருத்தன் வாதி, ஒருத்தன் பிரதிவாதி. வாய்க்கால் வழக்கில் இரண்டு பேருமே வாதி, இரண்டு பேருமே பிரதிவாதி. ஏன்னா, நான் உன் தண்ணியைத் தடுத்தேன்னு நீ சொல்லுவே, நீ என் தண்ணியைத் தடுத்தேன்னு நான் சொல்லுவேன், இரண்டுமே பெரும்பாலும் உண்மையாத்தான் இருக்கும். எங்க ஊர் மந்தையில் பஞ்சாயத்து பேசின பெரியவங்களும் வாய்க்கால் வழக்குன்னா இரண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சுத்தான் கேட்பாங்க.

இன்னொன்று கவனித்தேன். ரீவாலிஸ் என்று எழுதிவிட்டு உடனே 'அதாவது' போட்டு உல்பியான் விளக்கம் சொல்கிறார். அந்தக் காலத்திலேயே சொல்லின் வேர் பாதிப் பேருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். ஏன்னா அவருக்கு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே, கி.மு. 161-ல் மேடையேறிய டெரன்ஸ் என்பவரின் நகைச்சுவை நாடகத்தில், ஒரே பெண்ணுக்கு ஆசைப்படுகிற இரண்டு ஆம்பளைகளில் ஒருத்தனுக்கு இன்னொருத்தன் ரீவாலிஸ் என்று வந்துவிட்டது. நகரத்துக்குப் போனதும் வாய்க்கால் காணாமப் போய், போட்டி மட்டும் மிஞ்சிருச்சு.

ஆனா வயல்காட்டில் வாய்க்கால் காணாமப் போகவில்லை. ரோமானியர்கள் தண்ணீர்த் தகராறை எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமா இருந்தது. தண்ணீரை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: வருஷம் பூரா எடுக்கக்கூடிய தண்ணீர், கோடைத் தண்ணீர். இந்த வருஷம் நீ தண்ணீர் எடுத்திருந்தால் இனிமேலும் எடுக்கலாம், யாரும் உன்னைப் பலவந்தமாகத் தடுக்கக் கூடாது. ஆனால் நீ எடுத்தது எதிராளியை மிரட்டி எடுத்ததாக இருக்கக் கூடாது. அவனுக்குத் தெரியாமல் ஒளிஞ்சு எடுத்ததாகவும் இருக்கக் கூடாது. அவனிடம் கெஞ்சி, அவன் மனசு வைத்து விட்டதாகவும் இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதை யோசிச்சவன் கண்டிப்பா விவசாயம் தெரிஞ்சவன். "போய்ட்டுப் போறான், இன்னைக்கு ஒருநாள் பாய்ச்சிக்கட்டும்" என்று விட்டதை, மறுவருஷம் "எனக்கு மாமூல் பாத்தியம்" என்று பேசுகிற ஆளை நாம பார்த்ததில்லையா?

அதே தொகுப்பில் வாய்க்காலுக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. உரிமை உள்ளவன் வாய்க்காலைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ போனால் அவனைப் பலவந்தமாக யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தூர் அள்ளுகிறவனைத் தடுக்கிற ஆள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறான்.

முறைத் தண்ணீரும் உண்டு. இன்றைய அல்ஜீரியாவில் லமாஸ்பா என்று ஓர் ஊர் இருந்தது. எலகபாலஸ் என்ற பேரரசர் காலத்தில், அதாவது 218-க்கும் 222-க்கும் இடையில், அங்கே ஒரு கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். இன்னார், இன்ன அளவு நிலம், இத்தனையாவது மணியில் இருந்து இத்தனையாவது மணி வரை தண்ணீர் என்று பெயர் பெயராக அதில் இருக்கிறது. அரை மணிக் கணக்குகூட உண்டாம். எங்க அப்பா காலத்தில் நிழலை அடியால் அளந்து முறை மாத்துவாங்க. எழுதி வைக்கல, நீர்பாய்ச்சி மனசுல எல்லாம் இருக்கும்.

ஸ்பெயினில் சரகோசா பக்கம் ஆகோன் என்ற ஊரில் 1993-ல் ஒரு வெண்கலத் தகடு கிடைத்தது. ஹேட்ரியன் காலத்தது, இரண்டாம் நூற்றாண்டு. ஒரு வாய்க்காலைச் சேர்ந்த ஊர்க்காரர்கள் கூடிப் போட்டுக்கொண்ட சட்டதிட்டம் அது. வாய்க்காலைப் பராமரிப்பது எல்லாருக்கும் பொது வேலை, தவறினால் அபராதம். முடிவெடுக்கும்போது அவரவர் தண்ணீர்ப் பங்குக்கு ஏற்ற அளவு ஓட்டு. கூடுதல் தண்ணீர் எடுக்கிறவனுக்குக் கூடுதல் ஓட்டு என்பதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், கடைமடைக்காரன் எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது. ஆனா கூடி உட்கார்ந்தார்கள் என்பது பெரிய விஷயம். அதே ஸ்பெயினில், வலென்சியா நகரத்தில், இன்றைக்கும் வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பெரிய தேவாலய வாசலில் தண்ணீர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் ஆட்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். 2009-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதெல்லாம் கேட்டபிறகு எனக்குத் தோன்றியது, ரீவாலிஸ் என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் போட்டியாளர் இல்லை, பங்காளி என்பதுதான்.

பங்கு உள்ளவன் பங்காளி. எங்க பக்கம் அப்பா வழியில் அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா மக்கள் எல்லாம் பங்காளிகள். ஒரே குலசாமி. செத்தா தீட்டு, சாமி கும்பிட்டா தலைக்கட்டு வரி. ஆனா 'பங்காளிச் சண்டை' என்றுதான் சொல் இருக்கிறதே தவிர, 'மாமன் மச்சான் சண்டை' என்று தனியாக ஒரு சொல் இல்லை. 'தாயாதி'யும் இப்படித்தான். தாய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பங்கைப் பெறுகிறவன் என்ற பொருளுள்ள வடமொழிச் சொல்லில் இருந்து வந்தது. 'தாயாதிக் காய்ச்சல்' என்று பொறாமைக்குப் பெயரே வைத்திருக்கிறோம்.

காரணம் எளிது. மாமன் வயல் வேற ஊரில், வேற கண்மாயில் இருக்கும். தாத்தா வயலைப் பாகம் பிரிக்கும்போது அண்ணனுக்கு மேல்வயல், தம்பிக்குக் கீழ்வயல், ஒரே வாய்க்கால். பங்காளி என்கிறவன் சொந்தத்தால் மட்டும் பங்காளி இல்லை, வாய்க்காலாலும் பங்காளி. சொத்தும் தண்ணீரும் ஒரே கோட்டில் இறங்கி வருகிறது, சண்டையும் அதே கோட்டில்தான் வரும்.

ரைவல் இங்கிலீஷுக்குப் போன புதிதில் இந்தக் கூட்டாளி அர்த்தமும் அதுக்கு இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில், ராத்திரிக் காவலுக்கு நிற்கும் ஒரு சிப்பாய் தன்னோடு காவல் பங்கு போட்டுக்கொள்கிறவர்களை ரைவல் என்றே சொல்கிறான். பகையாளி என்று அங்கே அர்த்தமில்லை, கூட நிற்கிறவன். அந்த அர்த்தம் அப்புறம் செத்துப்போச்சு. தமிழில் இன்னும் உசுரோட இருக்கு. "வா பங்காளி, டீ குடிப்போம்" என்று கூப்பிடுகிறவன்கூடத்தான் கோர்ட்டுக்கும் போகிறோம்.

இதுவரை நல்ல கதைதான். மனசைச் சங்கடப்படுத்தினது இனிமேல்தான்.

"பூமிக்கு மேல ஓடுற தண்ணிக்கு இவ்வளவு சட்டம் போட்டவங்க, பூமிக்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு என்னடா சொன்னாங்க?" என்று மருமகனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உங்களுக்குப் பிடிக்காது மாமா" என்றான்.

மார்செல்லஸ் என்கிற ரோமானியச் சட்ட அறிஞரின் கருத்தை உல்பியான் எடுத்து எழுதியிருக்கிறார். ஒருத்தன் தன் நிலத்தில் தோண்டும்போது பக்கத்து நிலத்துக்காரனுடைய ஊற்று திசைமாறிப் போய்விட்டால், அவன்மேல் வழக்குப் போட முடியாது. பக்கத்துக்காரனைக் கெடுக்கும் எண்ணம் இல்லாமல், தன் நிலத்தை மேம்படுத்தத்தான் செய்தான் என்றால் அவன்மேல் குற்றமே இல்லை. அவ்வளவுதான். வாய்க்காலில் ரீவாலிஸ் உண்டு, முறை உண்டு, அபராதம் உண்டு. மண்ணுக்குக் கீழே யாருக்கும் யாரும் ரீவாலிஸ் இல்லை.

1843-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. லங்காஷயர் பக்கம் ஒரு பஞ்சாலையின் கிணறு, அருகில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் வற்றிப்போனது. ஆக்டன் எதிர் பிளண்டெல் என்று வழக்கின் பெயர். நீதிபதிகள் இந்த மார்செல்லஸ் சொன்னதையும் ஆதாரமாகக் காட்டி, கிணறு இழந்தவருக்குப் பரிகாரம் இல்லை என்றார்கள். அப்புறம் 1882-ல் வெள்ளைக்காரன் நம்ம நாட்டுக்கு ஒரு சட்டம் போட்டான், வசதியுரிமைச் சட்டம். முதலில் அது செல்லுபடியான மூன்று இடங்களில் ஒன்று சென்னை மாகாணம். தன் நிலத்தின் அடியில், குறிப்பிட்ட கால்வாயாக ஓடாத தண்ணீரை எல்லாம் நிலத்துக்காரன் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஓர் எடுத்துக்காட்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் 2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள்.

நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எப்படி ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது என்று சொன்னால் ஒத்துக்கலாம். எங்களுக்குத் தெரியும். ஒரு போர் போட்டா எந்தக் கிணறு வத்தும்னு ஊருக்கே தெரியும்.

எங்க தாத்தா வெட்டின கிணறு 45 அடி. அது பங்குக் கிணறு. பத்திரத்தில் இன்னும் 'கிணற்றில் 4-ல் 1 பாகம், மாமூல் வாய்க்கால் பாத்தியம்' என்று இருக்கிறது. முதலில் கமலை, அப்புறம் ஆயில் இன்ஜின், அப்புறம் அஞ்சு எச்பி மோட்டார். நாலு பங்காளிக்கும் நாள்முறை. என் முறை நாளில் கரண்ட் போனா மறுநாளில் பாதி எனக்கா இல்லையான்னு ஒரு சண்டை வரும். பெரியப்பா மகனுக்கும் எனக்கும் வாமடையில் மம்பட்டியைத் தூக்குற அளவுக்குப் போயிருக்கு. ஆனா ஆனி மாசம் கிணறு தூர் வாரணும்னா நாலு வீடும் வந்து நிக்கும். அன்னைக்குச் சாப்பாடு பெரியம்மா வீட்டில். வாய்க்கால் செதுக்கவும் அப்படித்தான். குடிமராமத்துன்னு பேரு. 1858-ல் சென்னை மாகாணத்தில் அதைச் சட்டமாகவே போட்டு, வேலைக்கு வராதவனிடம் பணம் வசூல் பண்ணியிருக்கிறார்கள்.

பங்காளிகளில் முதல் போர் போட்டது அண்ணன்தான். 300 அடி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வருஷம் மழை இல்லை, அவர் தோட்டத்தில் வாழை நின்னது. இரண்டாவது கோடையில் கிணறு வத்திருச்சு. அடுத்து நான் போட்டேன், 450. இன்னொரு பங்காளி 600-க்குப் போனார். இப்போ நாலு பேருக்கும் தனித்தனி போர். எங்களுக்குள் சண்டையே கிடையாது. முறை இல்லை, நீர்பாய்ச்சி இல்லை, ராத்திரி டார்ச் லைட் இல்லை. செல்போனில் நம்பரை அழுத்தினா மோட்டார் ஓடும். அண்ணனும் நானும் பேசி எத்தனை நாள் ஆச்சுன்னு யோசிச்சுத்தான் சொல்லணும். பகையெல்லாம் இல்லீங்க. பேச வேண்டிய காரியம் இல்லை.

ஆனா அவர் மோட்டார் ஓடினா என் போரில் தண்ணீர் விட்டு விட்டு வருது. என் மோட்டார் ஓடினா அவருக்கும் அப்படித்தான் இருக்கணும். இரண்டு பேரும் ஒரே ரீவுஸில்தான் இன்னும் நிற்கிறோம், கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால். அதுக்குத் தலைமடை எது, கடைமடை எதுன்னு கேட்டா, யார் போர் ஆழமோ அவன் தலைமடை. முறை போட ஆள் இல்லை, தூர் வாரினா பங்கு என்கிற கணக்கும் இல்லை. அங்கே மழைத் தண்ணீர் போய்ச் சேருகிற ஒரு வழி எங்க கண்மாய். அதுக்கு வருகிற வரத்துக்காலில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல நிக்குது. வாய்க்காலை நம்பி யாரும் இல்லாததால் அதை வெட்டவும் யாரும் இல்லை.

ஆனியில் வரத்துக்காலைச் சுத்தம் பண்ணலாமான்னு ஊரில் ஒரு பேச்சு ஓடுது. ஜேசிபி வாடகையை ஏக்கர் கணக்கில் போடுறதா, போர் கணக்கில் போடுறதான்னு அதுக்குள்ள தகராறு. போர் கணக்கில்தான் போடணும்னு நான் சொன்னேன். அண்ணன் ஏக்கர் கணக்குன்னு நிக்கிறாராம். கடைசியா இது கேள்விப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை மந்தைக்கு நேரா வந்து பேசுறதா சொல்லி அனுப்பியிருக்கார்.